பொய் சொல்லாமல் ஏமாற்றும் கலை

த்ரில்லர் படங்களில் வரும் எதிர்பாராத திருப்பங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துக்கொண்டோம். திருப்பத்தைப் பற்றிப் பேசப் புகுந்துவிட்டு முடிவைச் சொல்லாமல் நழுவ முடியாது. ஆகவே ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’, ‘சைக்கோ’, ‘வெர்டிகோ’, ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’, ‘தி யூசுவல் சஸ்பெக்ட்ஸ்’, ‘தி வுமன் இன் தி விண்டோ’, ‘அந்த நாள்’, ‘புதிய பறவை’, ‘த்ரிஷ்யம்’ ஆகிய படங்களை இன்னும் பார்க்காதவர்கள் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்திற்குத் திரும்புவது நல்லது.

கேள்வி: எதை நல்ல திருப்பம் என்று சொல்வீர்கள்? யாரும் எதிர்பார்க்காததாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. யாரும் எதிர்பார்க்காத ஒன்றை எழுதுவது மிகவும் சுலபம். அதுவரை படத்தில் தலைகாட்டாத ஒருவரைக் கடைசிக் காட்சியில் கொண்டுவந்து நிறுத்தி, ‘இவர்தான் கொலையாளி’ என்று சொல்லிவிட்டால் எவராலும் அதை ஊகித்திருக்க முடியாது. ஆனால் பார்த்தவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். நிகழ்ச்சிகள் எதிர்பாராமல் வர வேண்டும், அதே வேளையில் முன் நடந்தவற்றின் விளைவாகவும் இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் தமது ‘கவிதையியல்’ நூலில் சொல்லிவிட்டுப் போனார். நாடகத்திற்காகச் சொன்ன அந்த இரட்டை நிபந்தனையில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு எடுக்கப்படும் படங்கள்தாம் நம்மைக் கடுப்பேற்றுகின்றன.

இரண்டு பாதியையும் நிறைவேற்றிய படத்திற்கு 1999இல் வெளிவந்த எம். நைட் ஷியாமளனின் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ நல்ல சான்று. குழந்தைகளின் மனநல மருத்துவரான மால்கம், படத்தின் தொடக்கத்திலேயே பழைய நோயாளி ஒருவனால் சுடப்படுகிறார். அடுத்த காட்சி சில மாதங்களுக்குப் பின்னர் தொடங்குகிறது. அவர் ஒரு சிறுவனுக்கு உதவ முயன்றுகொண்டிருக்கிறார். பிழைத்துவிட்டார் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். படத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

உணவகக் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். திருமண நாளன்று மால்கம் தாமதமாக வந்து மனைவியின் எதிரே அமர்கிறார். நாற்காலியை அவர் இழுப்பதில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசுகிறார். அவள் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. பில் வரும்போது அவர் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துக்கொள்கிறாள். வாழ்த்தை வெறுமையாக உதிர்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். முதல் முறை பார்க்கும்போது வேலையிலேயே மூழ்கிக் கிடக்கும் கணவனிடம் மனைவிக்குள்ள கோபமாகத் தெரிந்தது, மறுமுறை பார்க்கையில் இறந்த கணவனை எண்ணித் தனியே அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் துயரமாகத் தெரிகிறது. காட்சியில் ஓர் அசைவுகூட மாறவில்லை, பொருள் முழுவதும் மாறிவிட்டது. போதாததற்கு, இறந்தவர்கள் தாம் பார்க்க விரும்புவதை மட்டுமே பார்க்கிறார்கள், தாம் இறந்துவிட்டதே அவர்களுக்குத் தெரியாது என்று சிறுவன் மால்கமிடமே பாதிப் படத்தில் சொல்கிறான். விடையைக் கையில் கொடுத்த பிறகும் நாம் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. முன்பே பார்த்த காட்சிகளுக்கு இப்படி மறுபொருள் கொடுக்கும் திருப்பத்தையே நல்ல திருப்பம் என்பேன். புதிய தகவல் ஒன்றை மட்டும் கொடுப்பது வெறும் செய்தி.

கேள்வி: பார்வையாளரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும், அதிர்ச்சியைவிட சஸ்பென்ஸ்தான் உயர்ந்தது என்று த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னதாகப் படித்தேன். அப்படியானால் திருப்பத்தை நம்பும் படங்கள் தாழ்ந்தவையா?

பதில்: நீங்கள் படித்தது பாதி. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவருடன் நடத்திய நீண்ட உரையாடல் 1966இல் நூலாக வந்தது. அதில்தான் அந்தப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது தெரியாமல் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குண்டு திடீரென வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு அங்கே இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதே சாதாரணப் பேச்சு 15 நிமிட சஸ்பென்ஸ் ஆகிவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு விலக்கையும் சேர்த்தார்: எதிர்பாராத முடிவே கதையின் உச்சமாக இருக்கும்போது மட்டும் பார்வையாளருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த விலக்கை விட்டுவிடுகிறார்கள்.

அவரே இரு வழிகளிலும் நடந்திருக்கிறார். 1958இல் வந்த ‘வெர்டிகோ’வின் மூலக்கதையான பிரெஞ்சு நாவல், இறந்த பெண்ணும் பின்னர் வரும் பெண்ணும் ஒருத்தியே என்ற ரகசியத்தைக் கடைசிவரை காப்பாற்றுகிறது. ஹிட்ச்காக் அதைப் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததுமே, பின்னர் வரும் அந்தப் பெண் ஜூடி எழுதத் தொடங்கிக் கிழித்துவிடும் ஒரு கடிதத்தின் வழியாக நமக்கு உடைத்துவிட்டார். அதற்குப் பிறகு ‘இவள் யார்?’ என்ற கேள்வி போய், ‘இவளைக் காதலிக்கும் நாயகனுக்குத் தெரியவரும்போது என்ன ஆகும்?’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து ‘சைக்கோ’வில் அதே மனிதர் ரகசியத்தைக் கடைசிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கதை எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்தார்.

இரண்டையும் ஒரே படத்தில் கலக்கவும் முடியும். 2013இல் ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்து, பின்னர் 2015இல் அவரே தமிழில் ‘பாபநாசம்’ என்று மறுபடி எடுத்த ‘த்ரிஷ்யம்’ படத்தில், யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், எப்படி மறைக்கிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த நிம்மதியில், உடல் கடைசியாக எங்கே போனது என்ற ஒன்றே ஒன்று தெரியாமல் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. கட்டி முடியாத காவல் நிலையத்திலிருந்து, கொலையை மறைக்கும் குடும்பத் தலைவன் மண்வெட்டியோடு வெளியே வரும் காட்சி கடைசியில் காட்டப்படும்போதுதான், இயக்குநர் நம்மிடமிருந்து ஒரு சீட்டை மறைத்து வைத்திருந்தது விளங்குகிறது. சஸ்பென்ஸையே திருப்பத்திற்குத் திரையாக்கிய இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

கேள்வி: படத்தில் காட்டிய ஃபிளாஷ்பேக் பொய் என்று கடைசியில் சொல்வது நியாயமா? நம்மை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றுகிறதே.

பதில்: யார் பொய் சொன்னார் என்பதைப் பொறுத்தது. பாத்திரம் பொய் சொல்லலாம். கேமரா பொய் சொல்வதைப் பார்வையாளர் எளிதில் மன்னிப்பதில்லை. 1950இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படம், தேடப்படும் இளைஞன் ஒருவன் தன் தோழியிடம் நடந்ததைச் சொல்வதோடு தொடங்குகிறது. அவன் சொல்வது காட்சிகளாக விரிகிறது. கடைசியில் பார்த்தால் அத்தனையும் புளுகு. அந்தப் பொய் ஃபிளாஷ்பேக்கைச் செய்திருக்கக் கூடாது என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் த்ரூஃபோவிடம் ஒத்துக்கொண்டார். அவன் பொய்யனாக இருக்கலாம் என்ற ஐயத்துக்குப் படம் சிறு இடமும் கொடுக்காததுதான் அங்கே குறை என்பது என் கருத்து.

45 ஆண்டுகள் கழித்து வந்த ‘தி யூசுவல் சஸ்பெக்ட்ஸ்’ ஏறக்குறைய முழுவதுமே ஒரு பொய் வாக்குமூலம். ஆனாலும் அதன்மேல் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. திரைக்கதைக்காக கிறிஸ்டோஃபர் மெக்குவாரிக்கு ஆஸ்கர் விருதே கிடைத்தது. வித்தியாசம் இதுதான்: கதை சொல்பவன் விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கும் குற்றவாளி, கேட்பவர் அவனை நம்பாத அதிகாரி. பொய்க்கு எல்லா வாய்ப்பும் உண்டு என்பது முதலிலிருந்தே நம் கண்முன் கிடக்கிறது. அவன் போன பிறகு அதிகாரி அறையின் அறிவிப்புப் பலகையைப் பார்க்கிறார். கதையில் வந்த பெயர்கள் அங்கே ஒட்டிய தாள்களில் இருக்கின்றன. கையிலிருந்து நழுவிய கோப்பை உடைகிறது. வழக்கறிஞரின் பெயராகக் கேட்ட ‘கோபயாஷி’ அதன் அடிப்பாகத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. பொய்யின் மூலப்பொருள்கள் எல்லாம் அந்த அறையிலேயே இருந்தன, நாமும் அதே அறையில்தான் இருந்தோம்.

தமிழில் இந்தப் பாதையில் மிக முன்னதாகவே நடந்தவர் வீணை எஸ். பாலசந்தர். ஒரே குற்றத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும், 1950இல் வந்த ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தந்த தூண்டுதலால் அவர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் வெளிவந்தது. ஒரு பாட்டுகூட இல்லாமல், போர்க்காலச் சென்னையில் நடக்கும் கதை. முதல் காட்சியிலேயே கதாநாயகன் ராஜன் சுடப்பட்டுச் சாய்கிறான், அதுவும் சிவாஜி கணேசன்! சந்தேகத்துக்குரியவர்கள் ஆளுக்கொரு கோணத்தில் கதை சொல்லி இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது அவரவர் சந்தேகம் என்று தெரிந்தே பார்க்கிறோம், ஆகவே ஏமாற்றம் இல்லை. கடைசியில் உண்மை மனைவி உஷாவிடமிருந்து வருகிறது: ராஜன் ஜப்பானியர்களுக்கு உளவு சொன்னவன்; அவள் கையிலிருந்த துப்பாக்கியால்தான் அவன் உயிர் போயிற்று. கொன்றவர் யார் என்று தேடிக்கொண்டிருந்த நமக்கு, செத்தவன் யார் என்பதே அதுவரை தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. திரையில் சிவாஜியைக் கண்டதும் அவன் நல்லவன் என்று நாமே சான்றிதழ் கொடுத்துவிட்டோம். அதைத்தான் இயக்குநர் பயன்படுத்திக்கொண்டார்.

கேள்வி: ‘எல்லாம் கனவு’ என்று முடியும் படங்களைப் பற்றி?

பதில்: இரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லையே என்று தோன்றும். விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம்: 1944இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘தி வுமன் இன் தி விண்டோ’. தப்ப வழியில்லாத பேராசிரியர் சாகக் கிடக்கும் முகத்தின் அருகே கேமரா நெருங்கி நிற்கிறது. வெட்டே இல்லாமல் அது பின்வாங்கும்போது அவர் தம் கிளப்பின் நாற்காலியில் கண் விழிக்கிறார். முடிவைப் பற்றிச் சண்டை போடலாம், அந்த ஒரு ஷாட்டின் நேர்த்தியைப் பற்றிப் போட முடியாது.

கேள்வி: ஒரு பாத்திரத்தின் முகத்தைக் காட்டாமல் மறைத்தாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறோம். தேர்ந்த இயக்குநர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: மறைப்பதற்கு வேறொரு காரணம் இருப்பதாக நம்ப வைத்துவிடுகிறார்கள். ‘சைக்கோ’வில் மாடிப்படியில் நடக்கும் இரண்டு காட்சிகளைப் பார்த்தால் இது விளங்கும். துப்பறிவாளர் படியேறி வரும்போது, விடுதி நடத்தும் நார்மனின் தாய் கத்தியோடு அறையிலிருந்து பாய்கிறாள். அவளை முதுகுப் பக்கமாகக் காட்டினால் வேண்டுமென்றே முகத்தை மறைப்பது தெரிந்துவிடும் என்பதால், கேமராவைத் தலைக்கு மேலே கொண்டுபோனார் ஹிட்ச்காக். உயரத்திலிருந்து பார்க்கும் அந்தக் கோணம் அடுத்து வரும் முகத்தின் அண்மைக் காட்சியை இன்னும் பயங்கரமாக்குவதால், கோணத்தின் காரணம் அதுவே என்று நினைத்துக்கொள்கிறோம்.

அதைவிடக் கடினமானது அடுத்தது. மகன் நார்மன் தாயைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் காட்சியை வெட்டினால் கேமரா ஏன் திடீரென விலகியது என்ற சந்தேகம் வரும். ஆகவே அவன் பின்னால் படியேறும் கேமரா வெட்டே இல்லாமல் கதவுக்கு மேலே உயர்ந்து திரும்பி, கீழ்நோக்கிப் படிகளைப் பார்க்கிறது. அவ்வளவு நேரமும் உள்ளேயிருந்து தாயும் மகனும் வாக்குவாதம் செய்யும் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நம் காது சண்டையில் லயித்திருக்க, கண் எந்தக் கோணத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டது என்பதையே மறந்துவிடுகிறோம். அவன் தூக்கிச் செல்வது பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஓர் உடலை என்பது அங்கே எவருக்கும் தோன்றாது. இதே படம், கதாநாயகி என்று நாம் நம்பியவளை முதல் 50 நிமிடங்களுக்குள்ளேயே குளியலறையில் கொன்றுவிட்டது. பெரிய அதிர்ச்சி அதுவே என்று எண்ணி அயர்ந்திருந்தோம்.

கேள்வி: நண்பர் ஒருவர் முடிவைச் சொல்லிப் படத்தையே கெடுத்துவிட்டார். அவரை மன்னிக்கலாமா?

பதில்: மன்னிக்கலாம், அடுத்த படத்திற்குக் கூட அழைத்துப் போகாமல் இருக்கலாம். படத்துறை இதை எப்போதும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. 1955இல் வந்த குளூசோவின் பிரெஞ்சுப் படம் ‘லே தியாபோலீக்’, நண்பர்களிடம் முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று கடைசியில் எழுத்துகளாகவே கேட்டுக்கொண்டது. 1957இல் வந்த ‘விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்’ அதையே குரலில் சொன்னது. ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கிய பின் யாரையும் திரையரங்கிற்குள் அனுமதிப்பதில்லை என்பதைப் பெரிய விளம்பரமாகவே செய்தார்கள்.

ஆய்வாளர்கள் வேறு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 12 சிறுகதைகளைச் சிலருக்கு முடிவைச் சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே கதையைச் சற்றுக் கூடுதலாக ரசித்தார்கள். 2015இல் வந்த வேறோர் ஆய்வு இதற்கு மாறாக, முடிவு முன்பே தெரிந்தால் ரசனை குறைகிறது என்று கண்டது. என்னைக் கேட்டால், முதல் முறை கிடைக்கும் அந்தத் தூக்கிவாரிப்போடும் உணர்வை வேறெதுவும் ஈடுகட்டாது. முடிவு தெரிந்து பார்ப்பதில் வேறு வகை இன்பம் உண்டு என்பது உண்மைதான்; அதை இரண்டாம் முறை பார்க்கும்போது எப்படியும் அடைந்துவிடலாமே. முதல் முறையை மட்டும் நண்பர் பறித்துக்கொண்டுவிட்டார்.

கேள்வி: சிறிய வேடத்தில் பெரிய நடிகர் வந்தாலே அவர்தான் குற்றவாளி என்று தெரிந்துவிடுகிறது. இதற்கு மருந்து உண்டா?

பதில்: உண்டு, நடிகரின் பெயரையே மறைத்துவிடுவது. 1995இல் டேவிட் ஃபிஞ்சர் எடுத்த ‘செவன்’ படத்தில் கொலையாளியாக நடித்தவரின் பெயர் தொடக்க டைட்டிலில் வராது. அவர் தாமாகக் காவல் நிலையத்திற்கு நடந்து வரும்வரை, அந்த நடிகர் படத்தில் இருப்பதற்கான அறிகுறியே கிடையாது. பெரிய நடிகர்கள் இதற்கு அடிக்கடி சம்மதிப்பார்களா என்பது தயாரிப்பாளர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

கேள்வி: ஒரே படத்தில் நான்கைந்து திருப்பங்கள் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டதே?

பதில்: மூன்றாவது திருப்பத்திற்குப் பிறகு யாரும் எதையும் நம்புவதில்லை. நம்பாதவரை ஏமாற்ற முடியாது.

கேள்வி: நான் திரைக்கதை எழுதப் பழகுகிறேன். திருப்பத்தை எப்படி யோசிப்பது? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பலரும் ‘எதை மறைக்கலாம்?’ என்று தொடங்குகிறார்கள். அதைவிட, பார்வையாளர் எதற்கு ஆசைப்படப் போகிறார் என்று யோசிப்பது பயன் தரும். 1964இல் தாதா மிராசி இயக்கிய ‘புதிய பறவை’யை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். கதையின் வேர் ஓர் ஆங்கிலப் படத்திலும் அதைத் தழுவிய வங்கப் படம் ஒன்றிலும் இருக்கிறது. தமிழில் வந்த வடிவமே நமக்குப் போதும்.

முதல் மனைவி சித்ரா இறந்துவிட்டாள் என்று சொல்லி, கோபால் லதாவை மணக்க இருக்கிறான். அந்த வேளையில் ‘நானே சித்ரா’ என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் போலி என்று அவன் துடிக்கிறான். அவள் காட்டும் ஆதாரங்களோ அசைக்க முடியாதவையாக இருக்கின்றன. அவளை எப்படியாவது பொய்க்காரி என்று அவன் நிரூபித்துவிட வேண்டும் என்று நாமும் அவனோடு சேர்ந்து தவிக்கிறோம். நிரூபிக்க ஒரே வழிதான் மிச்சம்: சித்ரா இறந்தது தனக்கு எப்படி உறுதியாகத் தெரியும் என்று அவன் சொல்லியாக வேண்டும். சொல்கிறான். தன் கையாலேயே அவள் இறந்ததையும் உடலை ரயில் பாதையில் கிடத்தியதையும் தன் வாயாலேயே கொட்டிவிடுகிறான். வந்தவள் போலி என்பது அந்த நொடியில் உறுதியாகிறது. அவனைச் சிக்கவைக்கப் போடப்பட்ட வலை அது என்பதும், காதலி லதாவே அந்த வலையை விரித்த காவல் துறையைச் சேர்ந்தவள் என்பதும் கூடவே வெளிப்படுகின்றன. நாம் எதற்காகத் தவித்தோமோ அது நடந்தேவிட்டது. அதுவே அவனுடைய அழிவாகவும் ஆகிவிட்டது.

இந்தக் கட்டமைப்பை எழுதிப் பாருங்கள். நாயகன் அடைய வேண்டியது என்ன, அதை அடைய அவன் கொடுக்க வேண்டிய விலை என்ன, அந்த விலையில் எவ்வளவு பகுதியைப் பார்வையாளருக்குச் சொல்லாமல் வைக்கலாம் என்பவற்றை முதலில் தீர்மானித்துக்கொண்டு, முடிவிலிருந்து பின்னோக்கி நடங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு பத்திகள் எழுதுங்கள்: முதல் முறை பார்ப்பவர் என்ன நினைப்பார், உண்மையில் அங்கே என்ன நடக்கிறது. இரண்டும் ஒரே வசனத்தோடும் ஒரே அசைவோடும் பொருந்தி வர வேண்டும். பொருந்தாத இடங்களில் வசனத்தைத் திருத்துங்கள். பின்னால் ஒரு பாத்திரத்தை நிறுத்தி விளக்கம் சொல்ல வைக்காதீர்கள்.

எழுதி முடித்த பின் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, திருப்பத்திற்கு இரண்டு காட்சிகள் முன்னதாக நிறுத்தச் சொல்லி, இனி என்ன நடக்கும் என்று கேளுங்கள். ‘தெரியவில்லை’ என்றால் நீங்கள் மிகையாக மறைத்திருக்கிறீர்கள், துப்புகளைக் கூட்டுங்கள். சரியான விடையைச் சொன்னால் எந்தக் காட்சியில் பிடிபட்டது என்று கேட்டு அங்கே கை வையுங்கள். தவறான விடையை அவர் அடித்துச் சொன்னால் மட்டும் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள்.